மலைக்கு வண்டியெடுக்கும் காயல் தம்பிமாருக்கு

காயல்பட்டினத்திலிருந்து பெருநாள் விடுமுறையில் வண்டியெடுத்து மலைக்குக் கிளம்பும் தம்பிமார் எல்லோருக்கும் இந்த மடல்.

முன்பெல்லாம் பெருநாள் கழிந்தால் குற்றாலம், மிஞ்சிப்போனால் கொடைக்கானல் என்று வேன் பிடித்துப் போவோம். இப்போது நீங்கள் ஆளுக்கொரு வண்டியில் போகிறீர்கள். தார்ச்சாலை போதாமல் மண்பாதையும் தேடுகிறீர்கள். ஹீரோ நிறுவனம் 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 பைக்கை இறக்கிய பிறகு, முன்னால் 21 அங்குலச் சக்கரமும் அடியில் 220 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள வண்டி நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் எட்டுகிற பொருளாகிவிட்டது. நம் தெருக்களிலேயே அப்படிப்பட்ட வண்டிகளைப் பார்க்கிறேன், பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். உங்களில் சிலர் என்னிடம் வந்து, "காக்கா, நீங்க தாண்டிக்குடிப் பக்கம் எஸ்டேட் பாதையில போயிட்டு வந்தீங்களாமே, அந்த வழியக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். வழியை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாதையில் எனக்கும் என் கூட்டாளிக்கும் நேர்ந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் நீங்கள் கேட்டதற்குச் சரியான பதிலாகும். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கூட்டாளி சபரில், வெளிநாட்டு வேலையில், இருப்பவன். விடுப்பில் ஊர் வந்திருந்தான். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அவனுக்குப் பழக்கம். தோட்டத்துப் பாதைகளில் ஓட்டிக்கொள்ளலாம் என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே கிளம்பினோம். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, திருநெல்வேலியில் நான்குவழிச் சாலையைப் பிடித்து மதுரை, பிறகு வத்தலக்குண்டு, அங்கிருந்து அய்யம்பாளையம் வழியாக மலை. ஏற ஏறக் காற்று மாறும். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையம். இந்த மலையின் பிழைப்பு என்னவென்று அந்த இரண்டு பலகைகளே சொல்லிவிடும். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, நடுநடுவே ஆரஞ்சும் மலைவாழையும். தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் ஜீப் சக்கரம் வெட்டிய இரண்டு பள்ளங்கள்தான் பாதை.

நாம் கடற்கரைக்காரர்கள், மணலில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். மணலில் சக்கரம் புதையத் தொடங்கினால் ஆக்சிலேட்டரைக் கூட்டித்தான் வெளியே வர முடியும், தயங்கினால் நின்றுவிடுவோம். மழை பெய்த செம்மண் ஏற்றத்தில் அதே பழக்கம் நம்மைக் கவிழ்த்துவிடும். அங்கே ஆக்சிலேட்டரைக் கூட்டினால் பின்சக்கரம் சுற்றுமே தவிர வண்டி ஏறாது. டயரின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டு, டயர் மொழுக்கென்று ஆகிவிடும். ஏற்றம் தொடங்கும் முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் கியரில், ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, கையை ஒரே சீராக வைத்து ஏற வேண்டும். கண் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, பத்துப் பதினைந்து அடி தள்ளிப் பாதையைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வண்டியும் பள்ளத்துக்கே போகும். இதைச் சொல்லித் தெரிந்துகொள்வது கடினம். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் வந்தது பஞ்சர். வெட்டிய காப்பிக் கிளையின் கூர்முனை பின்டயரில் ஏறிவிட்டது. இந்த வண்டிகளில் கம்பிச் சக்கரம் இருப்பதால் உள்ளே டியூப் உண்டு. நகரத்து வண்டியைப் போல வெளியிலிருந்து திரியைச் செருகி அடைத்துவிட முடியாது. சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை உருவி ஒட்ட வேண்டும். ஆறுமுகநேரியில் பஞ்சர் கடைக்காரர் கால்மணி நேரத்தில் செய்கிற வேலை, சரிவில் ஸ்டாண்டு நிற்காத இடத்தில் மணிக்கணக்கில் இழுத்துவிடும். கூட்டாளி வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, நான் அச்சைக் கழற்ற, இடையில் அட்டைகள் எங்கள் காலில் ஏற, ஒருவழியாக மாற்று டியூபைப் போட்டோம். கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர், நெம்புகோல் இரண்டு, மாற்று டியூப், கைப்பம்பு ஆகியவை இருந்ததால்தான் அது வெறும் தாமதமாக முடிந்தது. ஒன்று இல்லாவிட்டாலும் இரவு அங்கேதான்.

நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவர் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் முன்னும் பின்னும் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு அதே ஏற்றத்தில் வந்தார். எங்களைப் பார்த்து நிறுத்தினார். "மழை வருது தம்பி, மேல ஓடையத் தாண்டுறதா இருந்தா இப்பவே தாண்டிருங்க, இல்லன்னா நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கால் எங்கே ஊன்ற வேண்டும், எந்தப் பள்ளத்தில் சக்கரத்தை விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உடம்பிலேயே இருந்தது. மலையில் வழி கேட்கிறவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் கேளுங்கள். கைப்பேசி வரைபடம் பாதை இருக்கிறதென்று காட்டும், அந்தப் பாதையில் நேற்று மரம் விழுந்ததைக் காட்டாது.

ஓடையை மழைக்கு முன் தாண்டிவிட முனைந்தோம். கூட்டாளி தாண்டிவிட்டான். என் வண்டி நடுவில் உருண்டைக் கல்லில் தட்டிச் சாய்ந்தது, என்ஜின் நின்றுவிட்டது. இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதே பாடத்தை நம் ஊர் ஒருமுறை படித்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை நம் ஊரில் கொட்டியது. வண்டிகளெல்லாம் சீட்டுவரை முங்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு செல்ஃபை அழுத்தியவர்களின் வண்டிகள்தான் பெரிய செலவு வைத்தன. காற்றைப் போல் தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால், போக இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடையில் நின்ற வண்டிக்கும் அதே விதிதான். செல்ஃபைத் தொடாமல் கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, பிளக் இல்லாமலே என்ஜினைச் சுற்றவிட்டால் துளைவழியாகத் தண்ணீர் பீச்சியடிக்கும். அது நின்ற பிறகு பிளக்கைத் துடைத்துப் போட வேண்டும். ஆயிலையும் பாருங்கள், பாலாடை நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதற்குமேல் ஓட்டக் கூடாது. எங்களுக்கு ஆயில் மாறவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் நெஞ்சளவு ஈரத்தோடு அந்த வண்டியைக் கரையேற்ற இரண்டு ஆள் பலம் தேவைப்பட்டது. நூற்றைம்பது கிலோவுக்கு மேல் கனக்கிற பொருளை ஓடைக்குள்ளிருந்து ஒருவன் தனியாக மீட்க முடியாது.

இதற்குத்தான் இந்த மடலே. துணைக்கு ஆள் இல்லாமல் மண்பாதையில் மலையேறாதீர்கள். துணை என்றால் கூட வருகிறவன் எல்லாம் துணையாகிவிட மாட்டான். நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில், கல்லைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவருக்குத் தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கீழே இருப்பவர் அசைத்ததும் மேலே இழுப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. மூச்சும் உயிரும் அந்தக் கையில். ஆகவே யாரிடம் கயிற்றைக் கொடுப்பது என்பதில் குளிக்கிறவர் ஏமாந்துவிட மாட்டார். மலைப்பாதையில் முன்னால் போகிறவனும் பின்னால் வருகிறவனும் ஒருவருக்கொருவர் கயிறு பிடிப்பவர்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வருபவனின் விளக்கு தெரியும்வரை முன்னவன் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் ஆகியும் தெரியாவிட்டால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் முன்னவன் உச்சிக்குப் போன பிறகே பின்னவன் தொடங்க வேண்டும். ஒட்டிக்கொண்டே போனால் ஒருவன் நின்றதும் மற்றவனும் சரிவின் நடுவில் நிற்பான். வேகத்தை முடிவு செய்ய வேண்டியவன் இருவரில் மெதுவாக ஓட்டுபவன். பத்துப் பேர் கூட்டமாகப் போய் யார் வருகிறான் யார் வரவில்லை என்றே தெரியாமல் போவதைவிட, இப்படிப்பட்ட இருவர் மூவர் போவது எவ்வளவோ மேல்.

அன்று பிற்பகல் இந்தத் துணைதான் எங்களுக்குக் கைகொடுத்தது. மழை பிடித்துக்கொண்ட பிறகு வந்த ஓர் இறக்கத்தில் கூட்டாளியின் முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கிளட்ச் லீவர் முறிந்துபோனது. விழும்போது கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. கைக்காப்பு போட்டிருந்தான், ஹெல்மெட் இறுக்கமாக இருந்தது, முழங்கால் பூட்ஸ் இருந்தது. ஹெல்மெட்டில் ஆழமான கீறல், பூட்ஸில் பெரிய சிராய்ப்பு; தலைக்கும் காலுக்கும் ஒன்றுமில்லை. சாய்கிற வண்டியைத் தாங்கக் காலை ஊன்றுவது நம் எல்லோருக்கும் இயல்பு. செருப்பிலும் கான்வாஸிலும் ஊன்றுகிற கால்தான் கணுக்காலில் ஒடிகிறது. வண்டி விழட்டும், விட்டுவிடுங்கள்.

மாற்று லீவரைப் பூட்ட எனக்கு நேரமாகவில்லை. கிளம்புமுன்பே லீவர் பிடியின் போல்ட்டைச் சற்றுத் தளர்வாக முடுக்கியிருந்தால் விழும்போது அது சுழன்றுகொடுத்துத் தப்பியிருக்கும் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். நல்ல யோசனை, செய்துகொள்ளுங்கள். வலி வேறு விஷயம். கூட்டாளி "ஒண்ணுமில்லடா, போலாம்" என்றான். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டுக்குள் முந்திரிக்கொட்டை அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. கை ஊன்றி விழுகிறவர்களுக்கு அதில் விரிசல் விழுவதுண்டு. சிலருக்கு முதல் எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. அந்த இடத்தைத் தொட்டால் உயிர் போகிறது என்றால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கட்டுப்போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தால் எலும்பு சேராமலே போகலாம். அவனுக்கும் இரண்டாவது படத்தில்தான் தெரிந்தது.

அன்று மலையில் கட்டுப்போட்ட கையோடு அவனால் ஓட்ட முடியவில்லை. நான் என் வண்டியைக் கொஞ்ச தூரம் இறக்கிவிட்டு, நடந்து மேலேறி அவன் வண்டியை இறக்குவேன். மறுபடி நடை. இடையில் பனிமூட்டத்துக்குள் காட்டுமாடு ஒன்று பாதையை மறித்து நின்றது. வத்தலக்குண்டிலிருந்தே எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: ஹாரன் அடிக்காதே, என்ஜினை நிறுத்து, அது போகும்வரை நில். ஆயிரம் கிலோவை எட்டும் விலங்கு அது, கோபம் வந்தால் வண்டியெல்லாம் அதற்குத் தூசு. நின்றோம். அது தன் நேரத்தில் போனது. தோட்டத்து வீட்டை அடையும்போது இஷா நேரம் தாண்டிவிட்டது. கூட்டாளி காரில் ஊர் திரும்பினான். வண்டி லாரியில் வந்தது.

கேட்டால் மோசமான பயணம் என்று தோன்றும். எங்கள் இருவருக்கும் அதைப்போல இன்னொரு நாள் வாய்க்கவில்லை. நீங்களும் போக வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இத்தனையும் எழுதுகிறேன்.

ஆனால் எங்கே போகிறீர்கள் என்பதில் எனக்குக் கண்டிப்பு உண்டு. உங்களில் பலருக்கு மாஞ்சோலைமேல் கண். ஊத்து, குதிரைவெட்டி வரை வண்டியில் போய்விட வேண்டும் என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மலை 1988-இலிருந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை அனுமதிக்காமல் யாரும் மேலே போக முடியாது. சாவடியைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகும் வழி தெரியும் என்று பெருமை பேசுவோர் பேச்சை நம்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியும் அது குற்றம். சட்டத்தை விடுங்கள். புன்னைக்காயலில் கடல் சேருகிற தாமிரபரணிக்கு மணிமுத்தாறு கொண்டுவரும் தண்ணீர் அந்தச் சோலைக்காடுகள் பிடித்துவைத்துச் சொட்டுச்சொட்டாக விடுகிற தண்ணீர். முரட்டு டயர் ஒரு பருவம் ஏறி இறங்கினால் புல்தரை பெயர்ந்து, அந்தத் தடமே அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். நாம் குடிக்கிற ஆற்றின் தலைமாட்டை நாமே உழுதுபோடுவது நமக்கு அழகில்லை.

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போன 23 பேர் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்கள். படித்தவர்கள், இளைஞர்கள், உடம்பில் வலு உள்ளவர்கள். தீ வந்தபோது எந்தப் பக்கம் ஓடுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அவை நடந்து போகிறவர்களுக்கு. காட்டைப் பார்க்கத்தான் ஆசையென்றால் நடந்து போய்ப் பாருங்கள், அதற்கு வழியிருக்கிறது. வண்டிதான் ஓட்ட வேண்டுமென்றால் உரிமையாளர் சம்மதித்த தோட்டத்துப் பாதைகளும் ஊராட்சிப் பாதைகளும் போதும். கொடைக்கானல் பக்கம் போவதானால் 2024 மே 7-இலிருந்து இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மார்ச்சிலிருந்து மழை வரும்வரை காய்ந்த சருகின்மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தாதீர்கள். காடு தீப்பிடித்துக்கொள்ள அது போதும்.

பாலைவனத்தில் நடக்கும் டக்கார் பந்தயத்தின் காணொளிகளைப் பார்த்துவிட்டு உங்களுக்குள் வேகம் ஏறுவதும் எனக்குத் தெரியும். பெங்களூருவின் சி. எஸ். சந்தோஷ் 2015-இல் அந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர். 2021-இல் சவூதி அரேபியாவில் நடந்த அதே பந்தயத்தில் அவர் விழுந்தபோது, மருத்துவர்கள் அவரை மயக்கத்திலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கேரளத்தின் ஹரித் நோவா 2023 பந்தயத்தின் தொடக்கத்திலேயே முதுகெலும்பில் அடிபட்டு விலகினார். மறுவருடம் ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். அவர்களுக்குப் பின்னால் ஹெலிகாப்டரும் மருத்துவரும் இருந்தார்கள். கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், ஆண்டுக்கணக்கில் பயிற்சி இருந்தது. அவர்களிடம் கற்க வேண்டியது அந்த ஒழுங்கை. வேகம் அதன் பிறகு வருகிற சமாச்சாரம்.

சபரில் இருக்கிற வாப்பாமாருக்கும் காக்காமாருக்கும் இந்த மடல் போய்ச் சேர்ந்தால் ஒன்று கேட்பேன். பையன் கேட்டதும் வண்டிக்குப் பணம் அனுப்புகிறீர்கள். கூடவே நல்ல ஹெல்மெட், முழங்கால் உயரப் பூட்ஸ், முழங்கை முழங்கால் கவசம், கையுறை இவற்றுக்கும் அனுப்புங்கள். இவை வாங்காத பையனுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் கேட்பார்கள், பையனும் உம்மா சொன்னால் கேட்பான்.

கால்பந்துக்கு அகில இந்தியப் போட்டி நடத்துகிற ஊர் நம்முடையது. விளையாட்டை முறையாக நடத்த நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் விளையாட்டுச் சங்கங்கள் ஊருக்கு வெளியே தனியார் நிலமொன்றைக் கேட்டு வாங்கி, விடுமுறை நாட்களில் பழகுவதற்கு இடம் செய்து தரலாம். வண்டியைத் தூக்கி நிறுத்த, சேற்றில் திருப்ப, பஞ்சர் ஒட்ட, எலும்பு முறிந்தவனுக்குக் கட்டை வைத்துக் கட்ட அங்கேயே பழகட்டும். அதைச் சொல்லிக்கொடுக்க நானும் என் கூட்டாளியும் ஆயத்தமாக இருக்கிறோம். அவன் கை தேறிவிட்டது, அடுத்த விடுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அதற்கு முன்பே ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிடும், நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். கிளம்புகிறவர்கள் போகும் வழி, தங்கும் இடம், தோட்டக்காரர் எண், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் உம்மா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். மலைக்குமேல் சிக்னல் கிடைக்காது. சொன்ன நேரத்துக்கு நீங்கள் இறங்கிவராவிட்டால் தேடி வருகிறவர்களுக்கு அந்தத் தாள்தான் வழி காட்டும்.